சிகிச்சை அறையா, ஆய்வுக்கூடமா?

பேச்சு மொழி சிகிச்சையில் முதுகலை முடிக்கும் மாணவர் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன: நேரே சிகிச்சைப் பணிக்குப் போவது, அல்லது முனைவர் பட்டம் வழியாக ஆய்வுக்குள் நுழைவது.

சிகிச்சையில் பலன் கண்முன்னே தெரியும். பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவித்தவர் மகளின் பெயரை மறுபடி சொல்லும்போது அந்த அறையில் நீங்கள் இருப்பீர்கள். விழுங்க முடியாதவருக்கு உணவின் பதத்தை மாற்றிப் பழக்குவதும் இதே வேலைதான். வெளியே பலருக்கு இது தெரியாது. ஆனால் அடுத்தவர் வாசலில் காத்திருக்கும்போது, 'இந்தப் பயிற்சி இவருக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை?' என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

ஆய்வு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, 'டான்' என்ற அசையை மட்டுமே சொல்ல முடிந்த ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலில், அதாவது மூளையின் இடப்பக்க முன்பகுதியில், பாதிப்பைக் காட்டினார். பேச்சையும் மூளையையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு அது பெரிய திருப்பம். சரி, சிரமங்களும் உண்டு: படிப்பு நீளும், நிலையான சம்பளம் தள்ளிப்போகும், ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் ஓரிரு ஆண்டுகள் சிகிச்சை அறை, அப்புறம் ஆய்வு. இரண்டு மொழி பேசும் குழந்தையை ஒரு மொழிக்காக உருவாக்கிய சோதனையால் அளந்து திண்டாடியவருக்கு ஆய்வுத் தலைப்பு தேட வேண்டியிருக்காது.