குன்னூரிலிருந்து ஒரு பழைய துணிக்கடை
இன்ஸ்டாகிராம் வழியாகப் பழைய ஸ்வெட்டர், டெனிம் ஜாக்கெட், ஃபிலிம் கேமரா முதலியவற்றை விற்கும் குன்னூர்க் கடையொன்றில் நான் வாங்கிய கார்டுராய் மேல்சட்டை, படத்தில் கண்ட நிறத்திலேயே வந்து சேர்ந்தது. பழைய துணிகளில் கழுத்துப்பட்டையிலுள்ள அளவை நம்ப முடியாது என்பதால், மார்பகலம், தோள், கை நீளம் மூன்றையும் அங்குலத்தில் குறிப்பிட்டு, இடது முழங்கையில் இருந்த தேய்மானத்தையும் தனிப் படமாகக் காட்டியிருந்தார்கள். இளைஞர்கள் இவர்களிடம் நம்பி வாங்குவதற்கு இந்த நேர்மையே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். கேமராக்களுக்கு மட்டும், ஷட்டர் (ஒளியை உள்ளே விட்டு மூடும் திரை) எல்லா வேகத்திலும் இயங்குகிறதா, லென்ஸில் பூஞ்சை படிந்துள்ளதா என்ற விவரங்கள் இல்லை. ஈரம் மிகுந்த மலைப்பகுதியிலிருந்து வரும் கேமராவுக்கு அவை கட்டாயம் தேவை. 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற ஃபிலிம் தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்ட நீலகிரி மாவட்டம் இது என்பதால் எனக்கு அந்த எதிர்பார்ப்பு கூடுதலாகவே உண்டு. கூரியர் கட்டணம் தனி; விற்றதைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.