எறும்பு ஜெல் + அந்துப்பூச்சி அட்டை: காம்போ பேக் சென்னை சமையலறைக்குச் சரிவருமா?

ஆன்லைனில் விற்கும் இந்த மாதிரி பேக்குகளில் இரண்டு சாமான் இருக்கும்: சிரிஞ்சில் அடைத்த போரிக் அமில எறும்பு ஜெல், அந்துப்பூச்சிக்கான ஒட்டு அட்டை. ஜெல்லுக்கு ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். அட்டைக்கு ஒன்றே அதிகம்.

முதலில் ஜெல். சுவரோரம் சாரை போகும் 2 மி.மீ. மஞ்சள் நிற ஃபாரோ எறும்புக்கு ஒரே கூட்டில் பல ராணிகள். ஸ்பிரே அடித்தால் வெளியே திரிவது மட்டும் சாகும். மிச்சம் ஆளுக்கொரு ராணியோடு ஸ்விட்ச் பாக்ஸ், ஜன்னல் சட்டம் என்று தனிக்குடித்தனம் போய்விடும். ஜெல்லைக் குடித்த எறும்போ மெதுவாகத்தான் சாகும். அதற்குள் கூட்டில் வாய்க்கு வாய் ஊட்டிவிடுவதால் ராணி வரை மருந்து போய்ச் சேரும். சாரைக்குப் பக்கத்தில், சாதாரண காகித அட்டைத் துண்டில் மிளகளவு வையுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல். முதல் நாள் மொய்க்கும் கூட்டத்தைப் பார்த்துப் பதறித் துடைக்க வேண்டாம். பக்கத்தில் ஃபினாயிலும் வேண்டாம். வெயிலில் காய்ந்து இறுகினால் சீண்டாது, மாற்றிவிடுங்கள். தீர்ந்துபோனால் 100 மி.லி. வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம். போரிக் கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், காரியம் கெட்டது.

அட்டையின் கோளாறு வேறு. 'பேன்ட்ரி மாத்' என்று போட்டிருக்கும் அட்டைகளின் வாசனை வில்லை பெரும்பாலும் ப்ளோடியா என்ற அந்தின் பெண், ஆணைக் கூப்பிட விடும் வாசனை. நம் அரிசியை நூலால் பின்னிக் கட்டிகட்டியாக்குவது கார்சிரா என்ற வேறொரு அந்து. அதில் வாசனை விட்டு ஜோடியைக் கூப்பிடுவதே ஆண்தான்! அந்த வில்லையை அது எங்கே சட்டை செய்யப்போகிறது? விஷத்தீனியும் எடுபடாது, சிறகு முளைத்த அந்து எதையும் தின்பதில்லை, தின்பதெல்லாம் புழு.

புழுவுக்கு மருந்து சல்லடைதான். அரிசியைச் சலித்து, கட்டிகளை எறிந்து, காயவைத்து, இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் கொட்டுங்கள். ரவை, மைதாவை 4 நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் சாகும். டிரம் மூடியின் விளிம்பு, அலமாரி மூலை, பரண் இடுக்கு என்று எங்காவது புழுவின் வெள்ளைக் கூடு ஒட்டியிருக்கும்; அதைச் சுரண்டாமல் விட்டால் அடுத்த தலைமுறை அங்கிருந்தே வரும். அரிசியில் ஓட்டை போட்டுக் கறுப்பு வண்டு ஊர்ந்தால் அது அந்தே இல்லை, அட்டையை மாட்டிப் பயனில்லை.

ஜெல் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள்.