நிறுவியில் எந்தக் கெர்னல்: 6.8ஆ, 6.14ஆ?

மேற்கு மாம்பலத்தில் நான் கணினிகளைப் பராமரிக்கும் பயிற்சி மையத்தில், இருபத்திரண்டு கணினிகளில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04ஐப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. பெண்டிரைவைத் தயார் செய்வதற்கு முன்பே ஒரு முடிவு தேவைப்பட்டது. வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும், இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். 2024 ஏப்ரலில் அந்தப் பதிப்போடு முதன்முதலில் வந்த 6.8 கெர்னலை நிறுவுவதா, 2025 ஆகஸ்டில் வெளியான 24.04.3இல் இருக்கும் 6.14 கெர்னலை நிறுவுவதா என்பதே கேள்வி. இருபது கணினிகளுக்கு 6.8ஐயும், இரண்டுக்கு மட்டும் 6.14ஐயும் தேர்ந்தெடுத்தேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லிப்ரே ஆபிஸிலும் பிரவுசரிலும் வேலை செய்யும் மாணவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பாதுகாப்புத் திருத்தங்களும் இரண்டு வழிகளிலும் வருகின்றன.

புதிய கெர்னலின் பக்கம் இருக்கும் நியாயம் வலுவானது. லினக்ஸில் வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், கெர்னலுக்குப் பின்னால் பிறந்த வன்பொருளை இன்ஸ்டாலர் அடையாளம் காணாமல் போகக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மடிக்கணினியில் ரியல்டெக் 8852பிஇ வைஃபை சிப் இருந்தது. அதற்கான டிரைவர் கெர்னல் 6.2இல்தான் சேர்ந்தது, என் கையில் இருந்ததோ 5.15 கெர்னல் கொண்ட 22.04 பெண்டிரைவ். லேன் கேபிள் செருகவும் அதில் இடமில்லை. கைபேசியை யூஎஸ்பி வழியாக இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு நிறுவி முடித்தேன். இப்போதைய இரண்டு விதிவிலக்குகளும் இதே வகைதான்: அவை 2024 செப்டம்பரில் வந்த இன்டெல் லூனார் லேக் சிப் கொண்டவை, அவற்றின் கிராபிக்ஸுக்கான ஆதரவு 6.12இல்தான் இயல்பாகவே இயக்கப்பட்டது. அங்கே 6.8ஐ வைத்துப் பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை.

ஆனால் மற்ற இருபது கணினிகளின் வன்பொருளை, சிலவற்றில் செருகியிருக்கும் வைஃபை அடாப்டரைத் தவிர, 6.8 அடையாளம் கண்டுகொள்ளும்போது, முடிவைத் தீர்மானிக்க வேண்டியது நிறுவும் நாளல்ல, அதற்குப் பின் வரும் பராமரிப்பு. நிறுவியில் நாம் தேர்ந்தெடுப்பது ஓர் எண்ணை மட்டுமல்ல, ஒரு தடத்தை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 6.8இன் தடத்தில் சென்றால், 24.04க்கான ஐந்தாண்டு ஆதரவு முடியும் 2029 வரை அதே 6.8க்குத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும். ஹெச்டபிள்யூஇ (புதிய வன்பொருளுக்கான ஆதரவு) எனப்படும் மற்றத் தடத்தில் ஏறக்குறைய ஆறு மாதத்திற்கொரு முறை கெர்னலே மாறும்: 6.11, பிறகு 6.14, பிறகு 6.17 என்று, அடுத்த நீண்டகால ஆதரவுப் பதிப்பின் கெர்னல் வந்து சேரும்வரை அது ஓயாது. புதியது வந்ததும் பழையதற்கான திருத்தங்கள் நின்றுவிடுவதால், மாறாமல் இருக்கவும் வழியில்லை.

இந்த மாற்றம் ஏன் வலிக்கிறது என்றால், எங்கள் பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை என்பது 8812ஏயு சிப் கொண்ட ஒரு சிறிய யூஎஸ்பி அடாப்டர். 6.8இல் அதற்கு டிரைவர் இல்லை. வெளியிலிருந்து மூல நிரலை எடுத்து, ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் தானாகக் கட்டித் தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் கட்டமைக்க வேண்டும். 2024 தொடக்கத்தில், 22.04இன் ஹெச்டபிள்யூஇ தடம் 6.2இலிருந்து 6.5க்குத் தாவியபோது, கெர்னலின் உள் இடைமுகங்கள் மாறியிருந்ததால் அந்த நிரல் கட்டமையவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி வகுப்புக்கு மாணவர்கள் வந்து அமர்ந்தபோது ஒன்பது கணினிகளில் இணையம் இல்லை. ஒவ்வொன்றையும் கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலுக்குத் திருப்பி வகுப்பைத் தொடங்கினோம். ஆசிரியர் நெட்வொர்க்கிங் பாடத்துக்குப் பயன்படுத்தும், ஒரு கணினிக்குள் இன்னொன்றை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸும் கெர்னலில் சேர்க்கும் இதே போன்ற வெளி மாட்யூல்களை நம்பியிருப்பது என்பதால், ஒவ்வொரு தாவலின்போதும் அதுவும் ஒரு கவலைதான்.

6.14இல் 8812ஏயு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. அடாப்டர் மட்டுமே உங்கள் சிக்கல் என்றால் 6.14 உண்மையில் மேலான விடை. ஒரு மாதம் ஒரே ஒரு கணினியில் வைத்துப் பார்த்தேன், இணைப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கணினியின் அனுபவத்தைக் கொண்டு இருபதுக்கு முடிவெடுக்கத் துணிவு வரவில்லை. அதேபோல், தனி கிராபிக்ஸ் அட்டையோடு வீடியோ தொகுப்பவர்களின் கணினிகளை நான் பராமரித்ததில்லை. என் தேர்வு அவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

6.8க்கு ஒரு குறையும் உண்டு. கெர்னல் உருவாக்குநர்கள் நீண்டகாலம் பராமரிக்கும் வரிசையில் அது இல்லை. உபுண்டுவின் நிறுவனமான கெனோனிகல்தான் திருத்தங்களைச் சேர்த்துக் கொடுக்கிறது. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 13இல் வரும் 6.12 அந்த நீண்டகால வரிசையைச் சேர்ந்தது. பாடத்திட்டம் உபுண்டுவைச் சார்ந்து எழுதப்படாமல் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சோதித்திருப்பேன்.

செயல்முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டுவின் சர்வர் நிறுவி இயல்பாகவே 6.8ஐ நிறுவும், ஹெச்டபிள்யூஇ வேண்டுமென்றால் தொடக்கப் பட்டியலில் நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெஸ்க்டாப் நிறுவியோ கேட்காமலேயே ஹெச்டபிள்யூஇ தடத்தில் ஏற்றிவிடும். ஆகவே இருபது கணினிகளுக்கும், நிறுவலைத் தானாக நடத்தும் ஒரே ஆட்டோஇன்ஸ்டால் கோப்பை எழுதி, அதில் கெர்னல் பேக்கேஜின் பெயரை வெளிப்படையாகக் குறிப்பிட்டேன். லூனார் லேக் மடிக்கணினிகள் இரண்டுக்கும் தனிப் பெண்டிரைவ்; அதன்மேல் 6.14 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.