காசு இறுக்கத்தில் உடம்பு: திருகோணமலையில் எது உழைத்தது, எது பல்லைக் காட்டியது

2022 நடுப்பகுதியில், பெற்றோலைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் வந்த நாட்களில்தான் ஜிம்மை விட்டேன். சம்பளம் இருந்த இடத்திலேயே நிற்க, அரிசி, பருப்பு, காஸ் எல்லாம் ஏறிப்போன நேரம். ஊரைச் சுற்றிக் கடற்கரை கிடக்க, மாதாமாதம் காசு கட்டி ஓர் அறைக்குள் பெல்ட்டின் மேல் நடப்பது கொஞ்சம் கொழுப்பாகவே பட்டது. விலைவாசி பிறகு ஓரளவு அடங்கியும் நான் திரும்பிப் போகவில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிலத்தில் படுகிற சாமானுக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள். அதாவது சப்பாத்தும் சைக்கிள் ரயரும். மிச்சமெல்லாம் இந்த ஊரில் இனாம், இல்லாவிட்டால் யாரோ எறிய வைத்திருக்கும் சாமான்.

சைக்கிளில் தொடங்குகிறேன். லுமாலா லேடீஸ் சைக்கிள், கியர் கிடையாது, முன்னுக்கு ஒரு கூடை. பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் சைக்கிள் விற்ற விலைக்குப் புதிது நினைத்தும் பார்க்க முடியாது, பாவித்ததுதான் சரிவந்தது. பிரேமில் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே சைக்கிளுக்கு எமன் மேடுபள்ளம் அல்ல, உப்புக்காற்று. டச்சுக் குடாப் பக்கம் ஒரு பின்னேரம் நிறுத்திவைத்தாலே காணும். கம்பிகள் ரிம்மில் போய்ச் சேருகிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். விரலால் தடவினால் மிளகாய்த்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எண்ணெய் ஊற்றினால் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். கராஜில் சும்மா கிடைக்கிற பழைய எஞ்சின் எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு செயினையும் பல்லுச் சக்கரத்தையும் சேர்த்து அரைத்துவிடும். கடைத்தெருவில் சைக்கிள் திருத்துகிற அண்ணை செயினைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, ஊத்துறதை விடத் துடைக்கிறதுதான் முக்கியம். நல்ல தண்ணியால கழுவிக் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சொட்டு. மிச்சத்தைத் துணியால வழிச்சு எடுங்க." அதற்குப் பிறகு போட்ட செயின் இன்னும் ஓடுகிறது. ரயரில் மட்டும் மலிவைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் வெடிப்பு விழுந்த ரயர் சாம்பல்தீவுப் பாலத்துக்கு அங்கால் கைவிட்டால், மிச்சம்பிடித்ததெல்லாம் ஓட்டோக்காரருக்குப் போகும்.

பாதையைத் தேர்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் வீசும் காலம். தென்மேற்கே தரைப் பக்கமிருந்து வருகிற சூடான, வறண்ட காற்று. அந்த மாதங்களில் வடக்கே நிலாவெளிப் பக்கம் போனால், போகும்போது முதுகைத் தள்ளிவிட்டு, களைத்துத் திரும்பும்போது முகத்தில் அறையும். மேற்கே கன்னியாப் பக்கம் போனால் கதை தலைகீழ்: போகும்போது உழக்கி முறிய வேண்டும், திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கச்சானில் கன்னியாதான் என் சிபாரிசு. அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளின் தண்ணீரை அள்ளி ஊற்றினால் கால் உளைவு போகும் என்பார்கள்; எனக்கு அப்படி ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, அதோடு உள்ளே போக ரிக்கற்றும் எடுக்க வேண்டும்.

ஏற்றம் வேண்டுமென்றால் கோணேசர் கோயில். பழைய கோயிலை இடித்த கற்களைக் கொண்டே 1620களில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்குள்ளால், வாசலிலிருந்து சுவாமி மலை உச்சி வரை போகும் வீதி எந்த ட்ரெட்மில்லுக்கும் சளைத்ததல்ல. வேகமாக ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறினால் மூச்சு தொண்டைக்கு வரும். உள்ளே இராணுவம் இருக்கிறது, சாமி கும்பிட வருகிறவர்களும் வருகிறார்கள். ஆகவே ஓட்டப்பந்தய உடுப்பில் போகாதீர்கள். தளர்ந்த பருத்திக் காற்சட்டையும் முழங்கை வரை வருகிற மேற்சட்டையும் எனக்குப் போதும். வெள்ளிக்கிழமைகளில் சனம் கூட, அன்றைக்கு நடை நடையாக இருக்காது. மான்கள் ஒதுங்கி நிற்கும் என்று நம்பாதீர்கள். கையில் பை கண்டால் மூக்கை நுழைக்கும். பொலித்தீனையும் தின்றுவிடும் என்பதால் பழத்தைப் பையோடு கொண்டுபோக வேண்டாம்.

நேரம்தான் உண்மையான செலவு. சூரியன் இங்கே வருடம் முழுவதும் 5.45க்கும் 6.30க்கும் இடையில் கடலிலிருந்து கிளம்பிவிடுகிறது. ஏழரைக்குப் பிறகு நடந்தால் உடற்பயிற்சி அல்ல, தண்டனை. நான் வெள்ளன ஐந்தேகாலுக்குப் பக்கத்து வீட்டு அக்காவோடு இறங்குவேன். துணை தேவைப்படுவது ஆட்களுக்காக மட்டுமல்ல, நாய்களுக்காகவும்தான். விடியமுன் தெரு அவற்றுக்கே சொந்தம். ஓடினால் துரத்தும், நின்று, குனிந்து கல் எடுப்பதுபோலப் பாவனை காட்டினால் பின்வாங்கும். தனியாக நடக்கிற பெண்ணுக்குச் சைக்கிளில் வந்து ஏதாவது சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வைத்தியம் ஏன் வேலை செய்வதில்லை என்று அக்கா கேட்பார்.

கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் கவனம். உலர்ந்த மணலில் நடப்பதற்குக் கெட்டி நிலத்தை விட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. அது லாபம்தான், ஆனால் விலை கெண்டைக்காலும் குதிக்கால் தசைநாரும் கொடுக்கும். ஈர மணலில் தொடங்குங்கள். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு திசையிலேயே போனால் ஒரு பக்க இடுப்பு உளையும். போன தூரத்தைத் திரும்பியும் அதே ஓரத்தால் நடவுங்கள். நீச்சலுக்கு, கடல் அடங்கிக் கிடக்கிற ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி நல்லது. டச்சுக் குடாவில் அடிநீரோட்டம் இழுக்கும்; அமைதியாகத் தெரிகிறதே என்று ஆழத்துக்குப் போக வேண்டாம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020 வழிகாட்டி, வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவைச் சொல்கிறது. சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தாலே அது கிட்டத்தட்ட நிரம்பிவிடும். அதே வழிகாட்டி வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்வதைத்தான் நடக்கிற நம்மவர்கள் யாரும் காதில் போடுவதில்லை. இதற்காக இணையத்தில் ஒரு ரப்பர் பட்டி செட் வாங்கினேன். வெப்பத்துக்கும் உப்புக்கும் அது தாக்குப்பிடிக்கவில்லை. முதலில் ஒட்டும் பதம், பிறகு ஓரத்தில் மயிர்க் கீறல், ஒருநாள் இழுத்த இழுப்பில் அறுந்து கன்னத்தில் பட்டது. அதன் இடத்தில் இப்போது இருப்பது சைக்கிள் கடையில் எறிய வைத்திருந்த பழைய ரியூப். வால்வை வெட்டி எடுத்து, சோப் போட்டுக் கழுவி, யன்னல் கம்பியில் கட்டி இழுக்கிறேன். கறுப்பு மை உள்ளங்கையில் பிடிக்கும், மணமும் இருக்கிறது, ஆனால் காற்றை அடக்கி வைக்கச் செய்த ரப்பர், லேசில் வெடிக்காது. பாரத்துக்கு 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்: தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, உலர்ந்த மணல் நிரப்பினால் ஏறத்தாழ 8 கிலோ. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டாவிட்டால் வீடு முழுக்க மணல். அம்மாவின் வாயை நான்தான் கேட்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரேயொரு விஷயத்தைச் சொல்கிறேன், புரதம். டின்னில் வருகிற மா எனக்குக் கட்டாது, தேவையும் இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம் அளவு. சூடை, கீரி, சாளை போன்ற சிறுமீன் 100 கிராமில் 20 கிராம் அளவு. வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் கடற்கரையில் வாங்கினால் சந்தை விலையை விடக் குறையும், கழுவிச் சுத்தம் செய்கிற அலுப்புத்தான் மிச்சம். பின்னேரப் பசிக்கு அவித்த கடலை, காலையில் குரக்கன் ரொட்டியோடு முருங்கையிலை. பிளேன்ரீயில் சீனியைக் குறைத்தது மாதத்தில் சில நூறு ரூபாயைக்கூடத் தந்தது. மாரியில் வள்ளம் இறங்காது, மீன் நெருப்பு விலை. அப்போது நெத்தலிக் கருவாடு. உப்பு அதிகம், சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சமையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் பருப்போடும் கடலையோடும் நிற்பது நல்லது.

ஒக்ரோபரில் வாடை தொடங்கினால் திட்டமெல்லாம் மாறும். நவம்பர், டிசம்பரில் சில கிழமைகள் வெளியே இறங்கவே முடியாது. விறாந்தையில் கயிறடிப்பதுதான் அப்போது கைகொடுத்தது. நூல்கயிறு ஈரத்தில் பாரமாகிச் சுற்றாது. பிளாஸ்ரிக் கயிறே சரி. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு குதித்தால் முழங்கால் பேசும், சப்பாத்தோடு குதியுங்கள்.

சப்பாத்து விஷயத்தில் நடைபாதைக் கடை மலிவுச் சோடிகள் எனக்கு ஒரு மாரியைக்கூடத் தாண்டவில்லை. அடித்தட்டு ஒட்டு விட்டு வாயைத் திறந்துவிடும். இப்போது போடுவது, நல்ல நிலையில் இருந்த பாவித்த வெளிநாட்டுச் சோடி. வாங்கும்போது மேலே பார்க்காதீர்கள். குதிப்பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கிறதா, நடுவில் இரு கையாலும் முறுக்கினால் துணிபோல மடிகிறதா என்று பாருங்கள். நனைந்தால் வெயிலில் போடாமல் பத்திரிகைத் தாளை அடைத்து மின்விசிறிக்குக் கீழ் வையுங்கள், பசை இளகாது. என்னுடையதில் வலது குதி தேய ஆரம்பித்துவிட்டது. அடுத்த சோடிக்குச் சீட்டுக் காசு கைக்கு வருகிற மாதத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.