மாக்கிங்பேர்ட் நாவல் வார்த்தைகளுக்கு அன்கி ஆப்: மூணு மாசத்துக்கு அப்புறம் எழுதுறேன்

பொண்ணு இங்க டெக்சாஸ்ல ஒன்பதாவது படிக்கிறா. இங்கிலீஷ் க்ளாஸ்ல டூ கில் எ மாக்கிங்பேர்ட். ஹார்ப்பர் லீ எழுதி 1960ல வந்த நாவல், 1961லயே புலிட்சர் விருது வாங்கிடுச்சு, கதை நடக்கிறது 1930கள்ல அலபாமாவுல மேகோம்ப்னு ஒரு சின்ன ஊர்ல. வாராவாரம் 20 வார்த்தை லிஸ்ட் வரும், வெள்ளிக்கிழமை டெஸ்ட்.

முதல்ல காசு கட்டி வேற ஒரு ஆப் போட்டோம், பேர் வேண்டாம். ரெடிமேடா கார்டு இருந்துச்சு, ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் ஒரு வரி அர்த்தம். டெஸ்ட்ல 18, 19னு மார்க் வந்துச்சு. ஆனா அஸ்வேஜ்னா என்னம்மான்னு கேட்டா "குறைக்கிறது"ன்னா, சரி ஒரு வாக்கியம் சொல்லுன்னேன், "டீச்சர் ஹோம்வொர்க்கை அஸ்வேஜ் பண்ணிட்டாங்க"ன்னு சொன்னா. மார்க் இருக்கு, வார்த்தை கைக்கு வரலன்னு அப்பதான் புரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் அன்கிக்கு வந்தோம். கார்டு செஞ்சு படிக்கிறதுக்கு 2006ல இருந்து இருக்கிற சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்ட்லயும் முழுசா இலவசம், ஐபோன்ல மட்டும் ஒரே ஒரு தடவை கிட்டத்தட்ட 25 டாலர். கார்டைப் பாத்ததும் மறந்துட்டியா, கஷ்டமா, சரியா, ஈஸியான்னு நாலு பட்டன், நீங்க எதை அமுக்குறீங்களோ அதை வச்சு அந்த கார்டு அடுத்து நாளைக்கு வரணுமா பத்து நாள் கழிச்சு வரணுமான்னு அதுவே முடிவு பண்ணிக்கும். பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஸ்டார் குடுக்கிறது கைதட்டுறது எல்லாம் கிடையாது, எனக்கு அதுதான் பிடிச்சுது.

இதுல க்ளோஸ்னு ஒரு கார்டு வகை இருக்கு. நாவல்ல வார்த்தை வர்ற வாக்கியத்தை அப்படியே டைப் பண்ணி அந்த வார்த்தைய மட்டும் மறைச்சிடலாம். நான் சொல்ல வந்ததே இதுதான், வார்த்தைய அதோட வாக்கியத்துல இருந்து பிச்சு எடுக்காதீங்க. அஸ்வேஜ் முதல் பக்கத்துலயே வரும், கதை சொல்ற பொண்ணு ஸ்கவுட்டோட அண்ணன் ஜெம்முக்கு கை ஒடிஞ்சு போயி இனிமே ஃபுட்பால் ஆட முடியாதோன்னு இருந்த பயம் கை ஆறுனதும் போயிடும், அந்த இடம். கார்டு பின்னாடி என்ன எழுதலாம்னு ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம், சட்டுனு "தணியுது"ன்னு வந்துச்சு. பசி தணியும், தாகம் தணியும், கோபம் தணியும், பயம் தணியும், ஹோம்வொர்க் தணியுமா? அவளே சிரிச்சுட்டா. இங்கிலீஷ்லயும் அந்த வார்த்தைய அதே பசி, தாகம், கோபம், பயத்துக்குத்தான் போடுறாங்க. குறையுறது வேற, தணியுறது வேறன்னு நான் தனியா சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்லாம போச்சு.

எல்லாத்துக்கும் தமிழ் இப்படி கச்சிதமா உக்காராது. என்டெயில்மென்ட்டுக்கு நான் அவசரப்பட்டு வில்லங்கம்னு எழுதிட்டேன், அது தப்பு, வில்லங்கம்னா சொத்து மேல இருக்கிற எந்தப் பாரமும் ஆகும், இது சொத்து இன்ன வாரிசுக்குத்தான் போகணும்னு கட்டிப் போடுறது, இஷ்டத்துக்கு விக்க முடியாது. நாவல்ல வர்ற கன்னிங்ஹாம்னு ஒரு ஏழை விவசாயக் குடும்பத்து நிலம் அப்படி மாட்டியிருக்கும். நாவல்லயே ஸ்கவுட்டுக்கு இது புரியாது, ஜெம் வால் இடுக்குல மாட்டிக்கிட்ட நிலைமைன்னு ஒரு விளக்கம் குடுப்பான். அந்த வாலையே கார்டுல வரைஞ்சா என் பொண்ணு, இன்னி வரைக்கும் மறக்கல.

ஷிஃபரோப் இன்னொண்ணு. ஒரு பக்கம் துணி தொங்க விட இடம், இன்னொரு பக்கம் இழுப்பறை, நம்ம மர பீரோ மாதிரி. பழைய ஆப்ல "ஒரு மரச்சாமான்"னு போட்டு முடிச்சிட்டாங்க. ஆனா கோர்ட் சீன்ல இது எவ்வளவு முக்கியம்! டாம் ராபின்சன்ங்கிற கறுப்பினத்தவர் மேல பலாத்காரப் புகார் சொல்ற மேயெல்லா, சம்பவம் நடந்த அன்னிக்குத்தான் அதை உடைச்சுத் தரச் சொல்லி அவனைக் கூப்பிட்டேன்னு சொல்லுவா, டாம் அது போன வசந்த காலத்துலயே உடைச்சுக் குடுத்ததுன்னு சொல்லுவான். ரெண்டு பேர் சாட்சியும் எங்க இடிக்குதுன்னு பாக்கணும்னா இந்த பீரோவைப் பிடிச்சுக்கணும். கார்டுல ஒரு படம் ஒட்டி, கீழ ரெண்டு சாட்சியும் என்ன சொல்றாங்கன்னு ஒவ்வொரு வரி எழுதினோம், அந்த பாடத்துக்கு எஸ்ஸே எழுதறப்ப அவளுக்கு அதுவே முதுகெலும்பு மாதிரி நின்னுச்சு.

ஸ்கப்பர்னாங், காலர்ட்ஸ் மாதிரி தின்ற பொருள் பேருக்கெல்லாம் படம் போதும், முன்னது தெற்குப் பக்கம் விளையுற ஒரு திராட்சை, பின்னது கீரை.

ஒரு விஷயம் பெத்தவங்களுக்கு. இந்த நாவல்ல கறுப்பினத்தவரை இழிவா சொல்ற சொல் பல இடத்துல வரும். அதை கார்டா போடாதீங்க, பக்கத்துல உக்காந்து பேசுங்க, யார் சொல்றாங்க, யாரைச் சொல்றாங்க, அப்பா அட்டிகஸ் ஏன் ஸ்கவுட்டை அப்படிப் பேசாதேங்கிறார்னு. அதே மாதிரி 12வது அத்தியாயத்துல ஸ்கவுட் வீட்ல சமைக்கிற கறுப்பினப் பெண் கல்பர்னியா தன்னோட சர்ச்ல ஒரு மாதிரி, ஸ்கவுட் வீட்ல ஒரு மாதிரி பேசுவாங்க, ஏன்னு ஸ்கவுட் கேப்பா. வீட்ல தமிழ், வெளிய இங்கிலீஷ்னு வளர்ற பிள்ளைகிட்ட அந்த இடத்தைப் படிச்சுக் காட்டுங்க, நாங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் பேசிட்டு இருந்தோம்.

நடைமுறைக்கு வர்றேன். புது கார்டு ஒரு நாளைக்கு 20னு அதுவே வச்சிருக்கும், செட்டிங்ஸ்ல போயி 5 ஆக்கிடுங்க, இல்லன்னா ரெண்டாவது வாரம் பழைய கார்டு குவிஞ்சு பிள்ளை மிரண்டுடும். மத்தவங்க செஞ்சு வச்ச டெக், அதாவது கார்டு கட்டு, நிறைய கிடைக்கும், எடுக்காதீங்க. பத்து கார்டு செய்ய எங்களுக்கு அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணிதான் படிப்பே. ஒவ்வொரு கார்டுலயும் அத்தியாய நம்பரை டேக்கா போட்டு வைங்க, மொத்தம் 31 அத்தியாயம், டெஸ்ட்டுக்கு முன்னாடி அந்த வாரத்துது மட்டும் தனியா எடுத்துப் பாக்கலாம்.

நாவல் முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை பதினஞ்சு கார்டு கலைச்சுப் போட்டுக் கேட்டேன், பதிமூணு வாக்கியத்தோட சொன்னா. ஐபோன் வச்சிருக்கவங்க உடனே காசு குடுக்க வேண்டாம், கம்ப்யூட்டர்ல கார்டு செஞ்சு அன்கியோட இணையதளமான அன்கிவெப்ல ஏத்திட்டா போன் ப்ரவுசர்லயே சும்மா பாக்கலாம், ஒரு மாசம் அப்படிப் பழகிட்டு பிள்ளை விடாம பண்ணுதுன்னா அப்புறம் வாங்குங்க.