திருவொற்றியூர் மாடியில் உருளையா, சர்க்கரைவள்ளியா?

எங்கள் திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டையும் வளர்த்துப் பார்த்த பிறகு, இனி சர்க்கரைவள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டேன். பை, மண்கலவை, மண்புழு உரம் இதிலெல்லாம் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர் தேங்கினால் இரண்டுமே அழுகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இரண்டுமே முகம் சுளிக்கும். தீர்மானிப்பது ராத்திரிச் சூடு.

பகல் வெயிலை உருளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் கிழங்கு நன்றாக இறங்க, ராத்திரி வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், பகலெல்லாம் இலை சேர்த்த மாவுச்சத்தைச் செடி ராத்திரி சுவாசத்திலேயே கரைத்துவிடும். கிழங்கு கட்டச் சொல்லி இலையிலிருந்து கீழே இறங்கும் சமிக்ஞையும் மங்கிவிடும். மிச்சச் சத்து தண்டுக்கும் இலைக்கும்தான். ஆக்ரா பக்கம் ஐப்பசியில் நட்டு மாசி வாக்கில் தோண்டுவதும், ஊட்டிக் குளிரில் உருளை செழிப்பதும் இதனால்தான். நமக்கோ மார்கழி, தையிலேயே ராத்திரி சராசரியாக 20, 21 டிகிரிதான் இறங்கும். கடல் பக்கம் என்பதால் அதற்கு ரொம்பக் கீழே போவது அபூர்வம். வெயிலில் காய்ந்த தளம் வேறு வெகுநேரம் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பையைக் கவிழ்த்தபோது மேலே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேல் செடி. கீழே வெள்ளைத் தண்டுகளின் நுனியில் கோலிக்குண்டு அளவில் கிழங்குகள்.

சர்க்கரைவள்ளிக்கு இந்த ராத்திரிகள்தான் தோது. குளிர்ந்தால்தான் அதன் வளர்ச்சி மட்டுப்படும். விதைச் செலவும் கிடையாது. பொங்கலுக்குத் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் வாங்கியதில் ஒன்றை ஈரமண்ணில் புதைத்தால் கொடி வரும். ஒரு சாண் துண்டாக நறுக்கி, இரண்டு மூன்று கணு உள்ளே போகும்படி நட்டால் சுமார் நான்கு மாதத்தில் அறுவடை. அடிக்கொடி அருகே மண் வெடிப்பு விட்டால் கிழங்கு பருக்கிறது என்று அர்த்தம். வெடிப்பை உடனே மண் போட்டு மூடிவிடுங்கள்; இல்லாவிட்டால் கூன்வண்டு இறங்கி, கிழங்கு கசந்துவிடும். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கொடிதான் மிஞ்சும். அப்புறம், இளம் இலையைப் பொரியல் செய்யலாம். உருளை இலையைத் தொடவே கூடாது, அது நஞ்சு.

சூடு தாங்குவதற்கென்றே சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய குஃப்ரி சூர்யா ரகத்தை நான் வைத்ததில்லை. அதனால் உருளையே வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆசை இருந்தால் மழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். பையைத் தளத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றி, மண் மேல் வைக்கோலைக் கனமாகப் பரப்பிவிடுங்கள்.