தேர்வு அட்டவணை: பிடிஎஃபா, வலைப்பக்கமா?

பல்கலைக்கழக இணையதளத்தைப் புதுப்பிக்கும் கூட்டங்களில் பாதி நேரம் முகப்புப் பக்கத்துக்கே போய்விடும். மாணவர்களில் பலர் அங்கே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தேடுபொறியில் ‘தேர்வு அட்டவணை’ என்று தட்டி நேராக உள்ளே வந்துவிடுகிறார்கள். அட்டவணையைத் தளத்தில் போட மூன்று வழிகள் உண்டு: கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவது, வேர்ட் கோப்பை அப்படியே பிடிஎஃப் ஆக்குவது, வலைப்பக்கமாகவே போடுவது.

ஸ்கேனில் இருப்பது எழுத்தல்ல, எழுத்தின் படம். ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் பக்கத்துக்கு 2480 × 3508 பிக்சல். கைபேசியில் திறந்து, விரலால் பெரிதாக்கி, பாடக் குறியீட்டைப் பிடித்து, தேதிக்காக வலப்பக்கம் நகர்த்துவதற்குள் வரி தப்பிவிடும். தாள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். குறியீட்டைத் தட்டித் தேடவும் வழியில்லை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பியிருப்பவருக்கு அது கிட்டத்தட்ட வெற்றுத்தாள். எழுத்தைப் படமாகப் போடுவதைத் தவிர்க்கச் சொல்லும் டபிள்யூசிஏஜி 2.0 (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பதற்கான வழிகாட்டி) வந்தது 2008-ல்.

வேர்டிலிருந்து எடுத்த பிடிஎஃப் பரவாயில்லை. தேடலாம், நகலெடுக்கலாம், அளவும் சிறியது. ஆனால் ஏ4 அகலம் கைபேசித் திரைக்காக மடங்காது. அந்தச் சிரமம் அப்படியேதான்.

வலைப்பக்கத்தில் துறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் துறையின் தேர்வுகள் மட்டும் வரும். தேதி மாறினால் அதே முகவரியில் திருத்திவிடலாம். பிடிஎஃப் என்றால் ‘இறுதி’, ‘திருத்திய இறுதி’ என்று கோப்புகள் சேரும். தேடுபொறி எதை முதலில் காட்டும் என்பது அதன் இஷ்டம். ஆனால் வலைப்பக்கத்தை யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடவும் முடியும். அதனால் மேலேயே ‘கடைசியாகத் திருத்தியது’ என்று தேதியும், என்ன மாறியது என்று ஒரு வரியும் வேண்டும்.

சரி, சுற்றுச்சூழல் கணக்கு? ஸ்கேன் கோப்பு 2 எம்பி என்று வைத்துக்கொள்வோம். 10,000 பேர் ஒருமுறை திறந்தாலே 20 ஜிபி. அதே விவரம் 20 கேபி பக்கமாக இருந்தால் 200 எம்பியில் முடிந்துவிடும். இதை வைத்து மின்சாரமும் நூறில் ஒரு பங்காகிவிடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். நெட்வொர்க் கருவிகள் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஒரு கைபேசி தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. பக்கம் இலகுவாக இருந்தால் பழைய கைபேசியே இன்னும் சில வருடம் ஓடும்.

ஹால் டிக்கெட், சான்றிதழ் போன்ற அச்சிட வேண்டியவற்றுக்கு பிடிஎஃப்தான் சரி. நீண்டகாலம் காக்க வேண்டிய ஆவணங்களுக்கென்றே 2005 முதல் பிடிஎஃப்/ஏ தரம் இருக்கிறது. கையெழுத்திட்ட நகல் கட்டாயம் என்றால் பக்கத்தின் அடியில் கோப்பின் அளவைச் சொல்லி இணைப்புக் கொடுக்கலாம்.

அட்டவணைக்கு என் ஓட்டு வலைப்பக்கத்துக்கே. ஆனால் பல இடங்களில் தேர்வுப் பிரிவுக்குத் தளத்தில் திருத்தும் உரிமையே கிடையாது. கோப்பை ஏற்ற மட்டும்தான் முடியும். அந்த உரிமையைக் கொடுத்து, அட்டவணைக்கு ஒரு எளிய படிவமும் செய்து தந்துவிட்டால் அவர்களுக்கு ஸ்கேனர் பக்கம் போகும் வேலையே மிச்சம். அதுவரை வேர்ட் பிடிஎஃபை வைத்துச் சமாளிக்கலாம்.